சத்தியம் கேட்கக் கூடாத ஆட்டம்

மிக்கேல்துறையில் ஒரு ரகசியம் ரகசியமாகவே கிடக்கவேண்டுமென்றால் இரண்டே இடம்தான் உண்டு. ஒன்று கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூடு. மற்றொன்று பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள குளோரியின் கடை. இரண்டில் குளோரியின் கடைதான் பத்திரம் என்று சொல்லுகிறவர்களும் இருந்தார்கள். சாமியாராவது கேட்டுவிட்டு நாலு செபம் அபராதம் சொல்லுவார். குளோரி அதுகூடச் சொல்லமாட்டாள்.

2004ஆம் வருடம் ஆனி மாதத்தில் அவள் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தாய் செத்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது அது நாலு கம்ப்யூட்டரும் ஒரு வெப்கேமராவும் உள்ள நெட் சென்டர். வளைகுடாவில் புருஷன் இருக்கிற பெண்கள் நல்ல சேலை உடுத்து, தலையில் பூ வைத்து, பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து அழுவார்கள், சண்டை போடுவார்கள், சில சமயம் சிரிக்கவும் செய்வார்கள். தட்டச்சு தெரியாதவர்கள் வாயால் சொல்லச் சொல்ல குளோரிதான் அடித்துக் கொடுப்பாள். அடித்ததை அந்த நிமிடமே மறந்துவிடுவாள். மறக்க முடியாததை மறந்தவள்போல் இருப்பாள். அந்த வருடம் டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, செத்தவர்கள் பட்டியலை மூன்று நாள் அந்தக் கடையில் வைத்துத்தான் அடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தாய் வந்து, தன் மகன் பெயர் அதில் உண்டுமா என்று கேட்டாள். குளோரி பார்த்துவிட்டு, உண்டு என்று சொன்னாள். அந்தம்மாள் வாசற்படியிலேயே விழுந்தாள். இனி யாருக்கும் எந்தச் சேதியும் தன் வாயிலிருந்து போகக்கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தவள் பத்து வருடம் அப்படியே இருந்தாள். எதைக் கேட்டாலும் "தெரியாது" என்பாள். தெரிந்தவள் சொல்லுகிற தெரியாது அது என்று ஊருக்கே தெரியும்.

இடையில் அவளுக்குக் கல்யாணமாயிற்று. புருஷன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். கடைக்காரர் கடையை விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குக் குடிபோனபோது அவளே அதை வாங்கிக்கொண்டாள். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு வெப்கேமராவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், விமான டிக்கெட் என்று பிழைப்பு நடந்தது. அப்படியே நடந்திருக்கும், துபாயிலிருந்து அனீஷ் அந்த ஆட்டத்தைக் கொண்டுவராமல் இருந்திருந்தால்.

அனீஷ் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கூடத் தங்கியிருந்த பிலிப்பினோக்காரர்களிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, 2015 தொடக்கத்தில் 'மிக்கேல்துறை மக்கா' என்ற வாட்சப் குழுவில் போட்டான். விஷயம் இதுதான். பன்னிரண்டு பேர் ஒரு ஊர். அதில் மூன்று பேர் மனித வேடத்தில் திரிகிற ஓநாய்கள். யார் ஓநாய் என்று ஓநாய்களுக்கும் ஆட்டம் நடத்துகிறவருக்கும் மட்டும்தான் தெரியும். இரவு வந்ததும் ஓநாய்கள் ரகசியமாகக் கூடிப் பேசி ஒருவரைத் தின்றுவிடும். பகலில் மிச்சமுள்ளவர்கள் எல்லாரும் பேசி, சந்தேகப்பட்டு, ஓட்டுப் போட்டு, ஒருவரை ஊரை விட்டுத் துரத்தவேண்டும். ஓநாயைத் துரத்தினால் ஊருக்கு நல்லது. நல்லவனைத் துரத்தினால் ஓநாய்க்குக் கொண்டாட்டம். நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் ஜெயிப்பான். ஆட்டம் நடத்துகிறவர் மட்டும் பொய்யே சொல்லக்கூடாது.

முதல் ஆட்டத்தை அனீஷே நடத்தினான். ஓட்டை வாய்க்காரன். ஒரு மணி நேரத்துக்குள் தன் தங்கையிடம் ஒன்று, சித்தப்பா மகனிடம் ஒன்று என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பிறகு அவனே சொன்னான்: "குளோரி அக்காட்ட குடுங்க மக்கா. அவ செத்தாலும் வாயத் தொறக்க மாட்டா."

இப்படித்தான் அவள் தலையில் வந்து விழுந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஊர்க்காரர்கள் அதை ஓநாய்க் களி என்றார்கள்; எங்கள் பேச்சில் விளையாட்டு என்றால் களி. அந்தக் களியை நடத்துவது நாலு கல்யாணத்தை ஒரே பந்தலில் நடத்துவதுபோல. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் வளைகுடாவில், பாதிப் பேர் ஊரில். துபாயில் ஒரு நேரம், பஹ்ரைனில் ஒரு நேரம், ஊரில் ஒரு நேரம். எல்லாருக்கும் தோதாகப் பார்த்து அவள் ஆட்டத்தின் இரவைப் பட்டப்பகலில் வைத்தாள். காலை பத்து மணிக்கு "இரவு ஆயிற்று" என்று குழுவில் போடுவாள். மாலை நாலு மணிக்கு விடியும். வளைகுடாவில் விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் நாள் முழுக்கப் பகல். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவனை நிறுத்திவைத்துவிட்டு, ஓநாய்கள் யாரைத் தின்னப்போகின்றன என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊரில் எட்டு அன்பியங்கள் உண்டு. முப்பது நாற்பது வீடுகள் சேர்ந்து செபம் சொல்லிக்கொள்ளும் கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். எங்கள் ஆட்கள் ஆட்டத்திலும் அன்பியம் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஓநாய் என்று பச்சையாகத் தெரிந்தாலும் தன் அன்பியத்தானுக்கு எதிராகக் கை உயராது. அவள் ஓட்டைத் தனக்குத் தனியாக அனுப்பச் சொன்னாள். உடனே, குளோரி எண்ணிக்கையை மாற்றுகிறாள் என்று பேச்சு வந்தது. சிலர் ஒரு சின்னத் துப்பு கிடைக்காதா என்று வாசலில் ஒரு பொதி நெத்திலி வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைப் பக்கத்துத் தையல்கடைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் வைத்தவர்களிடம் மீனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எல்லாரையும்விடச் செத்தவர்கள் தொல்லைதான் பெரிய தொல்லை. ஆட்டத்தில் செத்தவன் பேசக்கூடாது என்பது விதி. உயிரோடு இருக்கும்போது நாலு நாளில் ஒரு வார்த்தை பேசாதவன், செத்த மறுநிமிடம் ஊரில் உள்ள மச்சினனுக்கெல்லாம் போன் போட்டு, என்னைத் தின்றது இன்னான்தான் என்று அழுவான். ஒரு பெண்ணைப் புருஷனே ஓட்டுப் போட்டுத் துரத்திவிட்டான் என்று அவள் இரண்டு நாள் அவனுக்கு போன் எடுக்கவில்லை. அதற்கும் பஞ்சாயத்துக்கு வந்தது குளோரியிடம்தான்.

ஆனால் ஆட்டத்தையே கவிழ்த்துப் போட்டது இது எதுவுமில்லை. சத்தியம்தான்.

கடற்கரையில் ஒரு குருசடி உண்டு. சிலுவையும் அதன் கீழே கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மாதா சுரூபமுமாக, இரண்டு ஆள் நிற்கிற அளவு இடம். ஊரில் வலை காணாமல் போனாலும் எஞ்சின் காணாமல் போனாலும், கமிட்டி விசாரித்துத் தீராத வழக்கு அங்கேதான் தீரும். சந்தேகப்பட்டவன் சிலுவையைத் தொட்டு, குருசடி மாதா அறிய நான் எடுக்கவில்லை என்று சொன்னால் வழக்கு முடிந்தது. அதற்குமேல் ஒருத்தரும் ஒன்றும் பேசமாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனுடைய வள்ளம் கரை திரும்பாது என்பது ஊர் நம்பிக்கை. போலீஸுக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒருத்தி விளையாட்டாக, "எல்லாரும் குருசடி மாதா மேல சத்தியம் பண்ணுங்க" என்று போட்டாள். ஒன்பது பேர் பண்ணினார்கள். மூன்று பேர் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று பேரும் ஓநாய்கள். நாலு நாள் ஓடவேண்டிய ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துபோயிற்று. மூன்றாவது ஆட்டத்திலிருந்து குளோரி முதல் விதியாக ஒன்றைப் போட்டாள்: 'சத்தியம் கேட்கவும் கூடாது, பண்ணவும் கூடாது. கேட்டவனும் வெளியே, பண்ணினவனும் வெளியே.' ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இதை எல்லாரும் படித்தோம் என்று எழுதச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

ஐந்தாவது ஆட்டம் மே மாதம் நடந்தது. அதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போன் மணி அடித்தாலே தலைவலிக்கும். இந்த ஒன்றோடு நிறுத்திவிடுவேன் என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். "நாலாவது ஆட்டத்துக்கும் நீ இதேதான் சொன்ன" என்றார் அவர்.

அந்த ஆட்டத்தில் இரண்டு ஓநாய்கள் பிடிபட்டு, ஒன்று மட்டும் மிச்சம். அது ததேயுஸ். பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை செய்கிற பையன், இருபத்தெட்டு வயது. சிலுவையம்மாளுடைய ஒரே மகன். பொய்யைப் புட்டில் தேங்காய் வைப்பதுபோல அளவாக வைத்துச் சொல்லத் தெரிந்தவன். அவனை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, ஏசுஅடிமையைத் தவிர.

ஏசுஅடிமை மஸ்கட்டில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இரண்டு தடவை ஊர்க் கமிட்டியில் இருந்தவர். ஆட்டத்தையும் கமிட்டி மாதிரியே நடத்துவார். "நீ அண்ணைக்கு எத்தன மணிக்கு என்ன எழுதின, சொல்லு பாப்போம்" என்று விசாரணை வைப்பார். முந்தின ஆட்டங்களில் அவருடைய விசாரணைக்குப் பயந்தே இரண்டு நல்லவர்கள் உளறிச் செத்துப்போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை குளோரி ஒரு சான்றிதழ் விஷயமாகப் பத்மநாபபுரம் போகவேண்டியிருந்தது. போன காரியம் நடக்கவில்லை. கொண்டுபோகவேண்டிய காகிதத்தை வீட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலையிலிருந்து ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் போனிலும் சார்ஜ் இல்லை. மூன்று மணி நேரம் அவள் இல்லாத ஊரில் நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து போனைச் செருகியபிறகுதான் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலு செய்திகள்.

ஏசுஅடிமை ததேயுஸைக் குடைந்திருக்கிறார். அவன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் மனிதருக்குக் கமிட்டி ஞாபகம் வந்துவிட்டது. 'வழக்கு தீராட்டா குருசடிதான். மாதா அறிய சொல்லு பாப்போம்' என்று எழுதிவிட்டார். கேட்டபிறகுதான் அவருக்கே விதி ஞாபகம் வந்திருக்கவேண்டும். அழிக்க முடியவில்லை. போட்டதை எல்லார் போனிலிருந்தும் அழிக்கிற வசதி அன்றைக்கு வந்திருக்கவில்லை.  இரண்டு நிமிடம் கழித்து ததேயுஸ் ஒன்பது விநாடிக் குரல் செய்தி ஒன்றைப் போட்டிருந்தான்.

"குருசடி மாதா அறிய, நான் ஓநாய் இல்ல. போதுமா மாமா?"

கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அதற்குமேல் யார் பேசுவார்? எல்லாருமாகச் சேர்ந்து ரியாத்தில் நர்ஸாக இருக்கிற பிரிஜாவை, ஒரு பாவமும் அறியாதவளை, துரத்திவிட்டார்கள்.

விதிப்படி இரண்டு பேரையும் குளோரி அப்போதே வெளியேற்றியிருக்கவேண்டும். செய்யவில்லை. பேருந்தில் நின்றே வந்த கால் வலி. போன காரியம் நடக்காத எரிச்சல். இரண்டு பேரையும் எடுத்தால் மிச்சம் ஐந்து பேர்தான், ஆட்டம் படுத்துவிடும், ஆளாளுக்கு போன் போட்டுக் கத்துவார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, 'சத்தியம் பற்றிய விதி எல்லாருக்கும் நினைவிருக்கட்டும்' என்று மட்டும் எழுதினாள். ததேயுஸ் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: 'அக்கா, சாயங்காலம் கடலுக்குப் போறேன். செவ்வாய் வந்திருவேன். என்ன கொல்லாதீங்க.' கூடவே ஒரு சிரிக்கிற முகம். அவள் அதற்குப் பதில் போடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, "இரவு ஆயிற்று" என்று குழுவில் போட்டாள்.

அந்த இரவு விடியவில்லை.

செவ்வாய்க்கிழமை லாஞ்ச் திரும்பவில்லை. புதனும் திரும்பவில்லை. வியாழக்கிழமை சேதி ஊருக்கு வந்தது. லாஞ்சில் ஐந்து பேர். கம்பெனிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரிந்ததைச் சொல்லவில்லை. கோயிலில் மாலை செபத்தில் ஐந்து பேர் பெயரையும் வாசித்தார்கள். குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. கடைசியாகக் கிடந்தது, 'இரவு ஆயிற்று' என்ற குளோரியின் வரிதான். குழுவைத் திறக்கும்போதெல்லாம் அது அவள் கண்ணில் குத்திற்று.

ஏசுஅடிமை கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. "நான் கேட்டிருக்கப்பிடாது பிள்ள" என்றார். "அவன் ஓநாய் தானா? எனக்கிட்ட மட்டும் சொல்லு."

"களி முடியல்ல மாமா. சொல்லப்பிடாது."

அவர் படியிறங்கிப் போனார். ஆனால் தன் மனப்பாரத்தை வீட்டில் இறக்கிவைத்திருக்கிறார். அவர் மனைவி அதைக் குழாயடியில் இறக்கினாள். அன்று சாயங்காலத்துக்குள் அது சிலுவையம்மாள் காதுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் சிலுவையம்மாள் கடைக்கு வந்தாள். அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் தலையில் மீன்கடவம் சுமந்து திங்கள்சந்தை வரை நடந்தே விற்றவள். அந்த நடையெல்லாம் இப்போது கால் முட்டில் வந்து நின்றது. முட்டை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கோயிலில்கூட எல்லாரும் முட்டுக்குத்தும்போது அவள் நாற்காலியில் இருப்பாள். அதற்காக அவளுக்குப் பெரிய வெட்கம் உண்டு.

"ஒரு காரியம் கேக்கணும் மக்ளே. ஆளு உண்டுன்னா பொறவு வாறேன்."

"ஆருமில்ல மாமி. இரிங்க."

அவள் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்க மவன் உங்க களியில குருசடி மாதா மேல சத்தியம் பண்ணினானாமே. அது மெய்யா, பொய்யா?"

"மாமி, அது சும்மா ஒரு களி. அதுல பறய வார்த்த ஒண்ணும் கணக்கில்ல."

"களிக்குத்தான் பறஞ்சான்னு மாதாவுக்கு ஆரு போயி சொல்லியது?"

குளோரி மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினாள்.

"பொய்யின்னா பொய்யின்னு சொல்லு. எனக்கு ஒரு கோவமும் இல்ல. நான் வீட்டுலேருந்து குருசடி வரைக்கும் முட்டுக்குத்திப் போயி அபராதம் செய்வேன். பெத்தவ செஞ்சா மாதா கேப்பா. அவன அவுத்து விட்டிருவா. மெய்யின்னா நான் செபமாலையும் சொல்லிட்டு ஒரு மூலைல இருப்பேன். எதுன்னு தெரியாம இருக்கதுதான் மக்ளே பாடு."

குளோரியின் மனதில் அந்த வழி ஓடிற்று. சிலுவையம்மாள் வீட்டிலிருந்து குருசடிக்கு அரை கிலோமீட்டர் இருக்கும். பாதி தார் ரோடு, பாதி மணல். மே மாத வெயில். மடக்கவே கூடாத முட்டு. பத்து வருடத்துக்கு முன்னால் வாசற்படியில் விழுந்த தாயும் அப்போது அவள் கண்முன்னே வந்தாள். 'தெரியாது மாமி' என்று சொல்லியிருக்கலாம். எப்போதும் சொல்வதுதானே. இந்தத் தடவை அது போதாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"மெய்தான் மாமி. அவன் ஓநாய் இல்ல."

"நிச்சயமாட்டு தெரியுமா?"

"நான்தான மாமி ஆளாளுக்கு சொல்லிக் குடுத்தது. எனக்குத் தெரியாதா?"

சிலுவையம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "அப்பம் நீ சத்தியம் பண்ணு" என்றாள்.

ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே குருசடி மாதாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. சிலுவையம்மாள் அதைத்தான் கையால் காட்டினாள்.  சத்தியம் கேட்கக் கூடாது என்று விதி போட்டவள் அவள்தான். இவள் ஆட்டக்காரி இல்லை, இவளிடம் விதி செல்லாது. பின்வாங்கினால் மௌனமே பதிலாகிவிடும். அந்த மூன்று ஓநாய்களும் அப்படித்தானே அகப்பட்டன?

அவள் எழுந்து படத்தில் கையை வைத்தாள். "குருசடி மாதா அறிய, ததேயுஸ் ஓநாய் இல்ல."

சிலுவையம்மாள் தலையை ஆட்டினாள். "செரி மக்ளே" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு குளோரிக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் ஒரு பொய்ச் சத்தியம்தான் அந்தப் பையன் தலைமேல் இருந்தது. இப்போது இரண்டு. அவன் திரும்பாமல் போனால் அதற்குத் தானும் ஒரு காரணம் என்று அவள் நம்பினாள். இதெல்லாம் மூட நம்பிக்கை என்று புத்தி சொல்லிற்று. புத்தி சொன்னதைக் கேட்கிற நிலையில் மனசு இல்லை. அன்று சாயங்காலம் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டாள். சாமியார் என்ன சொல்வார் என்று தெரியும். போய் அந்தம்மாளிடம் உண்மையைச் சொல் என்பார். சிலுவையம்மாள் வீடிருக்கிற தெருவழியாகப் போவதையே நிறுத்திவிட்டாள். மீன் வாங்கக்கூடச் சுற்றிப் போனாள். குவைத்திலிருந்து புருஷன், "என்ன, வாயில்லாம ஆயிட்டியா?" என்று கேட்டதற்கு, அயர்ச்சியாக இருக்கிறது என்றாள். அதுவும் பொய்யில்லை. மூன்று மாதத்து அயர்ச்சி, மற்றவர்கள் சொன்ன பொய்யையெல்லாம் சுமந்த அயர்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலே இப்போது தன் பொய்.

அடுத்த வியாழக்கிழமை, லாஞ்ச் கடலுக்குப் போய்ப் பதின்மூன்றாம் நாள், போன் வந்தது. எஞ்சின் கெட்டு, நீரோட்டத்தில் எல்லை தாண்டிப் போய், பக்கத்து நாட்டுக் கடல் காவல்காரர்கள் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் உயிரோடு. விட்டாயிற்று. கோயில் மணி அடித்தார்கள். குளோரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ததேயுஸ் குழுவில் எழுதினான்: 'மக்கா, சாவல்ல. களி என்னாச்சு?' அவ்வளவுதான், ஊமையாகக் கிடந்த குழு பொங்கி வழிந்தது. முதல் ஒரு மணி நேரம் மாதாவுக்கு நன்றி. இரண்டாவது மணி நேரத்தில், பிரிஜாவைத் துரத்தினது செல்லுமா செல்லாதா என்று சண்டை. யார் ஓநாய் என்று குளோரி அக்கா உடனே சொல்லவேண்டும் என்று அனீஷ் பத்துத் தடவை எழுதினான்.

குளோரி ஆட்டக்காரர்களின் பட்டியலை அடித்துவைத்தாள். ஆனால் அனுப்பவில்லை. ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அது ஒருத்திக்குத் தெரியவேண்டும். போனை எடுத்துக்கொண்டு, ஆறு நாளாகப் போகாத அந்தத் தெருவுக்குப் போனாள்.

சிலுவையம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீடெங்கும் வலியெண்ணெய் வாசனை. முகத்தில் ஒரு வெளிச்சம். "வா மக்ளே. அவன் பேசினான். காஞ்சு போனானாம். நீ இரி" என்றாள்.

குளோரி உட்காரவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "மாமி, நான் உங்ககிட்ட பொய்தான் பறஞ்சேன். அவன் ஓநாய்தான். அவன் பண்ணினதும் பொய்ச் சத்தியம், நான் பண்ணினதும் பொய்ச் சத்தியம்" என்றாள்.

"அது எனக்கு அண்ணைக்கே தெரியும்."

குளோரி விழித்தாள். "எப்பிடி மாமி?"

"பத்து வருசமாட்டு உன்ன எனக்குத் தெரியும். உன்னட்ட என்னத்தக் கேட்டாலும் தெரியாது மாமின்னுதான் சொல்லுவ. அண்ணைக்குக் கேட்ட ஒடனே ஒத்த மூச்சுல சொன்னியே, எனக்க மனசு ஒரு மாதிரி ஆச்சு. சத்தியம்னு கேட்டப்பம் மறுவாக்கு இல்லாம கையையும் வச்ச. பின்ன என்னத்தக் கேக்க?"

சொல்லிக்கொண்டே அவள் சேலையைக் கொஞ்சம் விலக்கினாள், காற்றுப் படட்டும் என்று. இரண்டு முட்டிலும் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தோல் கறுத்து, பொருக்குக் கட்டி, சில இடங்களில் இன்னும் சிவந்திருந்தது. மணல் உரசின காயம். 

"மாமி... நீங்க போனியளா?"

"உச்ச வெயில்ல போனேன். ஆளு நடமாட்டம் இருக்காதுல்லா. ஞாயித்துக்கிழம அவனுக்க சத்தியத்துக்கு ஒரு நட. முடியுமான்னு நெனச்சேன், மாதா கொண்டு சேத்துட்டா. திங்கக்கிழம உனக்க சத்தியத்துக்கு ஒரு நட. அதுதான் கொஞ்சம் பாடுபட்டுப் போச்சு, முந்தின நாளு புண்ணுல்லா."

அந்த ஒரு நடையைத் தடுக்கத்தான் குளோரி மாதா படத்தில் கையை வைத்தாள். தடுக்கவில்லை, இரண்டாக்கிவிட்டாள். "எனக்கு எதுக்கு மாமி போனிய? நான் பொய் பறஞ்சதுக்கு நானில்லியா போணும்?" என்று கேட்டாள்.

சிலுவையம்மாளுக்கு அந்தக் கேள்வியே புரியாததுபோல் இருந்தது. "பெத்தவளில்லியா செய்யணும்? உனக்கு அம்மை இல்லல்லா" என்றாள். "பின்ன ஆரு போவா?"

குளோரி தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் தாய்க்காக அழுதபோதுகூட அப்படி அழவில்லை. சிலுவையம்மாள் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "செரி ஏட்டி, செரி, அவன் வந்துட்டான்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குளோரியின் கையில் போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடித்துவைத்திருந்த பட்டியலைத் திறந்தாள். பன்னிரண்டு பெயர்கள். ததேயுஸ் பெயருக்கு எதிரே, ஓநாய். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் சேர்த்தாள்:

'முதல் விதிப்படி, சத்தியம் கேட்ட ஏசுஅடிமை மாமா வெளியே. பண்ணின ததேயுஸ் வெளியே. ஆட்டம் நடத்தினவளும் ஒரு சத்தியம் பண்ணினாள். அவளும் வெளியே. இனி நடத்த வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அனுப்பினாள். உடனே அனீஷ் கேட்டான்: 'அக்கா, நீங்க ஆருட்ட சத்தியம் பண்ணினிய? எப்ப?' பிரிஜா கேட்டாள். ஏசுஅடிமை கேட்டார். ததேயுஸும் கேட்டான்.

குளோரி வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். "துணிய அவுக்கட்டா மாமி?" என்று கேட்டாள்.

"மெதுவா" என்றாள் சிலுவையம்மாள்.